பின் சீட்டில் ஒரு ஆள்

ஸ்கூட்டர் வாங்கி முப்பத்தேழு நாள். அதில் பதினொரு நாள் அது சென்னீர்குப்பம் சர்வீஸ் சென்டரில் நின்றது. மீதி நாட்களில் மூன்று முறை பிரேக் பிடிக்கவில்லை.

மூன்றாவது முறை அம்மா கீழே விழுந்தாள். நூம்பலில் எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதில் ஏறி இறங்கியதும் இடது பிரேக்கை அழுத்தினேன். லீவர் கைப்பிடியில் வந்து ஒட்டிக்கொண்டது. காற்றைப் பிழிந்தது போலிருந்தது. எதிரே ஒரு மாடு. வலது பிரேக்கைப் பிடித்தேன். வண்டி சறுக்கிச் சாய்ந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரில் வண்டியை வாங்கி, ஓட்டிப் பார்த்து, கழுவித் திருப்பித் தந்தார்கள். "வண்டி ஓகே" என்றார்கள். அம்மா திருஷ்டி என்று சொல்லி பூசணிக்காய் உடைத்தாள். அப்பா திருஷ்டியை நம்புகிறவர் இல்லை. சர்வீஸ் சென்டரை நம்பினார்.

"மூணு தபா பாத்துட்டு ஒண்ணுமில்லன்றாங்க. அப்ப ஓட்றவங்க மேலதான் தப்பு," என்றார். "இன்னும் ஒரே தபா காட்டு. இப்பவும் ஓகேன்னு சொன்னா சாவிய வினோத்தாண்ட குடுத்துடு. அவன் ஓட்டட்டும்."

வினோத் என் பெரியப்பா மகன். பக்கத்துத் தெருவில் இருக்கிறான். நன்றாக ஓட்டுவான். அவன் வண்டியில் ஏறினால் பின்னால் ஷோபனா அண்ணி உட்காருவாள், அவள் மடியில் ஒரு வயதுக் குழந்தை உட்காரும். ஓட்டுகிறவர் மாறினால் பிரேக் மாறிவிடாது. வண்டி கையை விட்டுப் போகிறதே என்பது எனக்கு ஒரு கவலை. அந்தக் குழந்தை அதில் ஏறப்போகிறதே என்பது அதைவிடப் பெரிய கவலை.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. சர்வீஸ் சென்டரில் "பிரேக் சரியா இல்ல" என்று மட்டும் சொல்வேன். அவர்கள் மேலே கேட்பதற்குள் வெளியே வந்துவிடுவேன். என் வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே பேச்சு குறைவு. ஒரு முடிவு சந்தேகமாக இருந்தால் திரும்பச் செய்து பார்ப்போம். எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றுவோம்.

சனிக்கிழமை பேருந்தில் வரும்போது இது தலைக்குள் வந்தது. மூன்று முறையிலும் எது அப்படியே இருந்தது? முதல் முறை பின்னால் அம்மா. இரண்டாவது முறை கூட வேலை செய்யும் ரேஷ்மா. மூன்றாவது முறை மறுபடி அம்மா. நான் தனியாகப் போன நாட்களில் ஒன்றுமே ஆனதில்லை. சர்வீஸ் சென்டர் மெக்கானிக் டில்லிபாபுவும் தனியாகத்தான் ஓட்டிப் பார்ப்பார்.

நான் சீட்டிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, "இன்னாமா, ஸ்டாப்ப வுட்டுட்டியா?" என்று கேட்டாள்.

ஞாயிறு காலை வீட்டிலிருந்த இரண்டு அரிசி மூட்டைகளைப் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டினேன். இரண்டும் சேர்ந்தால் அம்மாவின் எடை வரும்.

"அரிசிக்கு இன்னாத்துக்குடி சவாரி?" என்றாள் அம்மா.

"வந்து சொல்றேன்மா."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை போட்ட இடம் இருக்கிறது. சாலை உண்டு, வேகத்தடை உண்டு, வீடுகள் இன்னும் வரவில்லை. முதலில் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுத் தனியாக ஓட்டினேன். எத்தனை முறை ஏறி இறங்கினாலும் பிரேக் பிடித்தது. மூட்டைகளைக் கட்டிக்கொண்டு சமமான இடத்தில் ஓட்டினேன். பிடித்தது. வேகத்தடை மேல் ஓட்டினேன். இறங்கும்போது பின்பக்கம் நன்றாக அமுங்கியது. இடது லீவர் தொளதொளவென்று ஆனது.

காலை ஊன்றி வண்டியை நிறுத்தினேன். அலைபேசியில் வீடியோவைப் போட்டுக்கொண்டு பின் சக்கரத்தின் அருகே குனிந்தேன். பிரேக் கேபிளின் மேலுறை அதன் கொக்கியிலிருந்து வெளியே வந்து தொங்கியது. அதைப் பிடித்து வைக்க அங்கே எதுவுமே இல்லை. கயிற்றை அவிழ்த்து மூட்டைகளை இறக்கினேன். சீட்டு மேலே எழும்பியது. கேபிள் தானாக நகர்ந்து 'டக்' என்று கொக்கிக்குள் போய் உட்கார்ந்தது. பிரேக்கை அழுத்தினேன். புது வண்டி போலப் பிடித்தது.

யாரும் இல்லாத அந்தச் சாலையில் நான் சத்தமாகச் சிரித்தேன். கையைத் தட்டிக்கொண்டேன். ஒரு மூட்டை பிரிந்து கொஞ்சம் அரிசி கொட்டியிருந்தது. அதைக்கூடப் பிறகுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடுப்பு போட்டேன். வினோத்தும் கூட வந்தான். வீடியோவைக் காட்டியும், சர்வீஸ் சென்டர் சொல்லட்டும் என்று அப்பா அவனை அனுப்பியிருந்தார். வண்டி ஓகே என்றால் சாவியை அங்கேயே வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

"இன்னா பிரியா, சயின்டிஸ்ட்டு ஆயிட்ட?" என்றான்.

நான் வீடியோவை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

சர்வீஸ் சென்டரில் நல்ல கூட்டம். மேலாளர் ஹேமநாதன் சட்டை கசங்காதவர், குரலும் கசங்காதவர். டில்லிபாபு அவருக்குப் பக்கத்தில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் வீடியோவை நீட்டினேன். ஹேமநாதன் அதைப் பாதிக்கு மேல் பார்க்கவில்லை.

"மூட்டை ஏத்தி ஓட்டிருக்கியேம்மா. பின் சீட்டு ஆள் குந்தறதுக்கு. அரிசி மூட்ட ஏத்தினா கம்பெனி பொறுப்பு எடுக்காது."

"ஆள் உட்கார்ந்தாலும் இதேதான் சார் ஆகுது."

"ஆள் குந்தினா ஒண்ணும் ஆவாது. டில்லி மூணு தபா ஓட்டிப் பாத்துட்டான்."

"தனியா ஓட்டினார் சார்."

"டெஸ்ட்டுன்னா ஒரு ஆள்தான். அதான் ரூல்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்திருப்பேன். வினோத் கையை நீட்டிவிட்டான். சாவி என் உள்ளங்கையில் ஈரமாக இருந்தது.

"அப்ப நான் ஓட்டறேன்," என்றேன். "யாராவது பின்னால உட்காருங்க."

டில்லிபாபு சிரித்தார். "நானா? பொண்ணு ஓட்ட, நான் பின்னாடி குந்திகினு போறதா? நம்ம ஏரியா பசங்க பாத்தா அவ்ளோதான். ஆயுசுக்கும் கலாய்ப்பானுங்க."

"வினோத் அண்ணா, நீ உட்காரு."

"போம்மா. எவனாவது போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டான்னா, நான் ஊட்ட வுட்டே வெளிய வர முடியாது."

"அவரு வேணாம்," என்றார் ஹேமநாதன் அவசரமாக. "உங்க ஊட்டு ஆளு. உங்க பக்கம்தான் பேசுவாரு."

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. இந்தச் சர்வீஸ் சென்டரில் இத்தனை நாளில் ஒரு ஆண்கூட ஒரு பெண்ணின் பின்னால் உட்கார்ந்ததில்லை. இரண்டு பேர் ஏறினால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் சொன்னதில்லை.

"அப்ப நீங்களே உட்காருங்க சார்," என்றேன்.

நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஹேமநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு வேலை கீதும்மா."

வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எழுந்தாள். கையில் டிபன் கேரியர் பை. வெளியே என் வண்டியைப் போலவே இன்னொன்று நின்றது, நிறம் மட்டும் வேறு. அது அவளுடையது. பொன்னியம்மா என்று சற்று முன்னால்தான் டில்லிபாபு கூப்பிட்டிருந்தார்.

"இன்னா சார், பயமா கீதா?" என்றாள். "ஆள் குந்தினா ஒண்ணும் ஆவாதுன்னு நீதான சொன்ன? என் பொண்ணு விஜி டெய்லி என் பின்னாடி குந்திகினு காலேஜ் போறா. அது குந்துது, நீ குந்த மாட்டியா?"

"அப்டி இல்லமா…"

"அப்டி இல்லன்னா குந்து. அந்தப் பொண்ணு இன்னா உன்ன தூக்கிகினு ஓடிடவா போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். டில்லிபாபு துணியால் வாயை மூடிக்கொண்டார். ஹேமநாதனின் முகம் சிவந்தது. இப்போது மறுத்தால் ஏன் மறுக்கிறார் என்ற கேள்வி வரும். அது அவருக்கும் தெரிந்தது.

"சரி. ஒரே ஒரு ரவுண்டு," என்றார்.

வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். ஹெல்மெட்டை மாட்டினேன். அவருக்கும் ஒன்றைக் கொடுத்தேன். அவர் ஏறியதும் பின்பக்கம் அமுங்கியது. இரண்டு அரிசி மூட்டைகளைவிட அதிகம். எனக்கு உள்ளுக்குள் என்னவோ குதித்தது. பரிசோதனைக் கூடத்தில் குடுவைக்குள் நிறம் மாறப்போகும் அந்தக் கடைசித் துளிக்கு முன்னால் வருமே, அதே குதிப்பு.

"நேரா போய் டீக்கடையாண்ட திரும்பிடு," என்றார். அவர் கைகள் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தன.

டீக்கடைப் பக்கம் சாலை வழவழவென்று இருந்தது. வேகத்தடை இருந்தது எதிர்த் திசையில், கல்யாண மண்டப வாசலில். காலை நேரம், மண்டபத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை. சர்வீஸ் சாலை அங்கே முடிகிறது. முடியும் இடத்தில் மணல் குவித்திருந்தார்கள். வரும்போதே பார்த்து வைத்திருந்தேன். இடது பிரேக் போனாலும் வலது இருக்கிறது, அதுவும் போனால் கால் இருக்கிறது, அதற்கும் பிறகு மணல் இருக்கிறது.

வண்டியை மண்டபத்தின் பக்கம் திருப்பினேன்.

"எங்கம்மா போற?"

"மண்டபம் வரைக்கும் சார்."

"அங்க வேணாம். திருப்பு."

"ஏன் சார்?"

நான் நடையைவிடக் கொஞ்சம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். வினோத் அலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி பக்கத்தில் ஓடி வந்தான். பின்னால் பொன்னியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். டில்லிபாபுவும் இருந்தார்.

"சார், கெத்தா கீற சார்!" என்று வினோத் கத்தினான். "பிரியா, உடாத!"

வேகத்தடை தெரிந்தது. வெள்ளைக் கோடுகள் பாதி அழிந்திருந்தன.

"மெதுவா போம்மா."

"மெதுவாத்தான் சார் போறேன்." என் குரல் உயர்ந்திருந்தது. நடுங்கவில்லை. "இப்ப ஏறி இறங்குவோம். இறங்கினதும் இடது பிரேக் பிடிப்பேன். அவ்வளவுதான்."

"இடது வேணாம். வலது புடி."

"ஏன் சார்? அம்மா விழுந்தப்போ நான் இடதுதான் பிடிச்சேன்."

"நான் சொல்றேன்ல, வலது புடி!"

"வண்டி ஓகேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் கை கம்பியிலிருந்து என் தோளுக்கு வந்தது. கனமான கை, வேர்த்திருந்தது. ஒரு பெண்ணின் தோளைப் பிடிக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு அந்த நேரத்தில் இல்லை. எனக்கும் இல்லை. முன் சக்கரம் கோடுகளின் மேல் ஏறத் தொடங்கியது. நான் இடது லீவரின் மேல் விரல்களை வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"புடிக்காதும்மா!" என்று அலறினார். ஓடி வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. "ரெண்டு பேரு குந்தினா அது புடிக்காது! கம்பெனிலேந்து இந்த லாட்டுல வந்த எந்த வண்டிக்கும் கேபிள் கிளிப்ப போடவே இல்ல!"