இரண்டு பெட்டிகள்

ராணிப்பேட்டை தோல் கம்பெனியின் விருந்தினர் விடுதிக்குப் புது கேசட் செட் வந்தபோது, பழைய ஸ்டீரியோவை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. மேனேஜர் ஷபீ அஹமது கேட்டு முடிப்பதற்குள், டைப் அடித்துக்கொண்டிருந்த செண்பகம் தலைநிமிர்ந்து, "நான் எடுத்துக்குறேன் சார்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

"உனக்கு எதுக்கும்மா அவ்ளோ பெரிய சாமான்?"

"பாட்டு கேக்கத்தான் சார்."

ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். மறுநாள் கம்பெனி வேன் அதை வேலூரில், லாங் பஜாருக்குப் பின்சந்தில் அவள் குடியிருந்த போர்ஷனில் இறக்கிவிட்டுப் போனது. ரெக்கார்டு பிளேயர், கனமான ஆம்ப்ளிஃபையர், மரப்பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர், கொஞ்சம் ரெக்கார்டுகள். அண்ணன் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போனதிலிருந்து அந்த அறையில் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும்தான். இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஸ்பீக்கர் ஒயர்களை விடுதியிலேயே வெட்டிப் போட்டிருந்தார்கள். பஜாரில் சத்தாரின் ரேடியோ கடைக்குப் போனாள். அவரிடம் இருந்தது வெள்ளை ஒயர் மட்டும்.

"ஆம்பளைங்க யாரும் இல்லையாக்கா வீட்ல? நான் வந்து மாட்டித் தர்றேனே."

"வேணாங்க. நானே மாட்டிக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, ஒயர் நுனியைப் பிளேடால் சீவி, ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்து திருகாணிகளில் முறுக்கினாள். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. முள்ளை வைத்தாள். பாட்டு வந்தது! கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

ஆனால் ஏதோ சரியில்லை. தபலா சப்பென்று இருந்தது. பாடுகிற பெண்ணின் குரல் இந்தப் பெட்டியிலும் இல்லை, அந்தப் பெட்டியிலும் இல்லை; எங்கோ சுவருக்கு அப்பால் அலைந்தது. பழசு அப்படித்தான் இருக்கும் என்று மாதக்கணக்கில் அப்படியே கேட்டாள். ஆபீஸ் விட்டு வந்து, விளக்கைப் போட்டு, ரெக்கார்டைப் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். கேட்கக் கேட்க அறை இன்னும் காலியாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் டார்ச்சுக்கு செல் வாங்கப் போன இடத்தில் சத்தாரே கேட்டார்: "செட் எப்டிக்கா பாடுது?"

சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "ஒயர்ல ரெண்டு இழையும் வெள்ளைதானே, ஒரு பெட்டிக்கு மாறிப்போயிருக்கும். ஒரு பெட்டி முன்னால தள்ளுது, ஒண்ணு பின்னால இழுக்குது. ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து ஒயரைக் கழட்டிட்டு, இந்த செல்லை நுனியில ஒரு தடவை தொட்டுப் பாருங்க. பெட்டிக்குள்ள கூம்பு மாதிரி காகிதம் இருக்கும், ரெண்டும் ஒரே பக்கம் குதிக்கணும்."

வீட்டுக்கு வந்து பெட்டிகளின் முன்துணியைக் கழற்றினாள். செல்லைத் தொட்டதும் இடது பெட்டியின் கறுப்புக் காகிதம் 'டப்' என்று வெளியே எழும்பியது. வலது பெட்டியில் உள்ளே பதுங்கியது. அந்தப் பெட்டியின் ஒயரில் மட்டும் இரண்டு நுனிகளையும் இடம் மாற்றி முறுக்கினாள்.

இப்போது முள்ளை வைத்ததும் தபலா நெஞ்சில் வந்து மோதியது. அந்தப் பெண் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், வந்து நின்று பாடினாள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. செண்பகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் நகர்ந்தாலும் குரல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஒரே ஒருவர் உட்காரத்தான் அந்த இடம். பாட்டு உச்சிக்குப் போனபோது அவளையறியாமல் பக்கவாட்டில் திரும்பி, "கேட்டீங்களா?" என்றாள். அங்கே கட்டிலில் காய்ந்த துணிதான் குவிந்திருந்தது. அப்புறம் எத்தனையோ நாளாக வராத அழுகை வந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் நன்றாகவே அழுதாள்.

அடுத்த வாரம் ஒரு மாலை, பாட்டு பாதியில் கரண்ட் போனது. குரல் இழுபட்டு அறுந்தது. சற்று நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். சிம்னி விளக்கோடு பக்கத்துப் போர்ஷன் தனபாக்கியம் நின்றிருந்தாள். குழாயடியில் தண்ணீர் வந்ததா, வரவில்லையா என்பதைத் தவிர இருவரும் பேசியதில்லை.

"இன்னா செண்பகம், நல்ல இடத்துல நின்னுபோச்சே. கரண்ட் வந்தா முதல்லேர்ந்து வெக்கிறியா?"

"அங்க கேக்குதாக்கா?"

"தினமும் கேக்குறேனே. முன்னல்லாம் கிணத்துக்குள்ளேர்ந்து பாடுற மாதிரி இருக்கும். இப்பதான் சுத்தமா வருது. இன்னா பண்ண?"

"ஒயரை மாத்தினேன். உள்ள வாங்கக்கா, உக்காந்து கேக்கலாம்."

"அடுப்புல குழம்பு கெடக்கு, அவரு வர்ற நேரம். நான் அங்கேர்ந்தே கேட்டுக்குறேன்." விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

செண்பகம் இருட்டில் காத்திருந்தாள். கரண்ட் வந்ததும் முள்ளை முதலிலிருந்து வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். நாற்காலிக்குப் போகவில்லை. தனபாக்கியம் வீட்டுப் பக்கத்துச் சுவரோரம் போய் நின்று காதைக் கொடுத்தாள். அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.