இருபத்தொரு நாள் ஈரம்

அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கித் தொட்டியின் விளிம்பில் மூன்றாவது முறையாகப் போட்டாள் கமலவல்லி. தொட்டி உடையவில்லை. முதல் இரண்டு அடிக்கு விழுந்த மாதிரியே இதற்கும் ஒரு சின்னப் பள்ளம்தான் விழுந்தது. கணவர் ஸ்ரீரங்கராஜன் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கே போய்விட்டார். இருபது நாளாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட சிமென்ட் தொட்டியை உடைக்க முடியாமல், குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் மூச்சு வாங்க நின்றவளை யாராவது பார்த்திருந்தால், வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லையே. சங்கடமே அதுதான்.

தொழிற்சாலைக்காரர்களுக்கென்று புதிதாக எழுந்த அறுபத்தாறாம் வருஷத்துக் கைலாசபுரத்தில் வீடுகள் வந்துவிட்டன, மனிதர்கள் இன்னும் வந்து சேரவில்லை. எட்டு வீட்டு வரிசையில் குடி வந்தது இரண்டே வீடு. மற்றொன்றில் இருந்த பிரம்மச்சாரி பூட்டிக்கொண்டு போனால் ராத்திரிதான் திறப்பார். ஸ்ரீரங்கத்தில் அவள் பிறந்த வீட்டில் தனியாக அழக்கூட இடம் கிடைக்காது, யாராவது ஒருவர் என்னவென்று கேட்க வந்துவிடுவார். இங்கே வாய்விட்டு அழலாம், தடையே கிடையாது. ஸ்ரீரங்கராஜன் நல்லவர்தான். ஆனால் நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் வேண்டியிருந்தது பேச்சில்லாத நேரம். அவள் அதைக் குறையில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

துளசி வைக்கலாம் என்று பார்த்தால் தரையெல்லாம் சரளை. ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு மண்தொட்டிகளையும் மேய வந்த ஆடுகள் தள்ளி உடைத்துவிட்டன. உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளையம்மாள் முதல்முதலாகப் பேசினாள். பின்வரிசையில் எழும்பிக்கொண்டிருந்த வீடுகளின் புதுச்சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. மணப்பாறைப் பக்கத்துக்காரி, நாற்பது வயது இருக்கும்.

"மண்தொட்டி இங்க நிக்காதும்மா. சிமிட்டியில ஒண்ணு போட்டுக்கங்க. போன எடத்துல ஆபீசர் வீட்டுக்குக் கொத்தனாரு போட்டாரு, நாந்தான் கலந்து குடுத்தேன்."

காலிக் கோணிகளை உதறிய சிமென்டை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அவளே கொண்டுவந்தாள். காவிரிக்கரையில் கயிறு திரிப்பவர்களிடமிருந்து ஸ்ரீரங்கராஜன் ஒரு சாக்கு தேங்காய் நார்த்தூள் வாங்கி வந்தார், எதற்கென்று கேட்கவில்லை. சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, ஊறிய நார்த்தூள் ஒன்றரைப் பங்கு. கவிழ்த்த வாளிமேல் ஈரச் சாக்கைச் சுற்றி, இருவரும் மூன்று விரல் கனத்துக்கு அப்பினார்கள். தண்ணீர் வடிய நடுவில் ஒரு குச்சியைச் செருகினாள் வெள்ளையம்மாள். கமலவல்லியின் விரல்களெல்லாம் வெந்து தோல் உரிந்தன. இருந்தும் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமான பகல் அவளுக்கு வாய்த்ததில்லை.

"இருவத்தொரு நாளு ஈரம் காயக் கூடாது. சிமிட்டிக் காரம் எறங்கறதுக்குள்ள செடி வச்சா வேரு வெந்துரும். நானே வந்து ஊத்தறேன்."

தினமும் பதினோரு மணிக்குக் குடத்தோடு வருவாள். தொட்டியை நனைத்துவிட்டுச் சுவர் நிழலில் பத்து நிமிஷம் உட்காருவாள். அவளுக்கென்று மதில்மேல் தனியாக வைத்திருந்த அலுமினிய டம்ளரில் கமலவல்லி படியில் நின்றபடி காபியைத் தூக்கி ஊற்றுவாள். தனிமை அவளை எவ்வளவு பாடுபடுத்தினாலும் அந்த டம்ளரை மட்டும் அசைக்கவில்லை. பேச்சு மேஸ்திரியின் மீசை, பாட்டியிடம் வளரும் வெள்ளையம்மாளின் மகள், சமயபுரத்துக் கூட்டம் என்று போகும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக, பல்லி கத்தியதிலிருந்து பால் திரிந்ததுவரை காலையிலிருந்தே சேர்த்து வைத்திருப்பாள் கமலவல்லி.

நாளையோடு இருபத்தொன்று. துளசி வைத்துவிட்டால் வெள்ளையம்மாள் எதற்கு வரப்போகிறாள்? சும்மா வந்து பேசிவிட்டுப் போ என்று ஒரு சித்தாளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அழைக்க ஒரு வேலை வேண்டும். தொட்டி உடைந்தால் மறுபடி இருபத்தொரு நாள் கிடைக்கும். இவ்வளவுதான் அவள் போட்ட திட்டம்.

பதினோரு மணிக்கு வெள்ளையம்மாள் வந்தாள். குடத்தை இறக்கியவள் விளிம்பைப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஆடு முட்டிடுத்து."

பள்ளங்களை விரலால் தடவினாள் வெள்ளையம்மாள். பக்கத்தில் கிடந்த குழவியின் நுனியில் சிமென்ட் வெளுப்பாக ஒட்டியிருந்தது. அதை ஒரு தரம் பார்த்தாள், மறுதரம் பார்க்கவில்லை.

"இது ஒடையாதும்மா. ஒடையக் கூடாதுன்னுதானே நார்த்தூளு போட்டது."

"பள்ளம் பள்ளமா ஆயிடுத்தே. இன்னொண்ணு பண்ணிடலாமா? மறுபடியும் இருபத்தொரு நாளானாலும் பரவாயில்லை."

"அத்தனை நாளெல்லாம் வேணாம்மா. பதினஞ்சே போதும். நாந்தான் கூடச் சொன்னேன்."

"ஏன்?"

"இங்க நெழலா இருந்துச்சு."

கமலவல்லி அலுமினிய டம்ளரில் காபியைத் தூக்கி ஊற்றினாள். வெள்ளையம்மாள் காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவி மதில்மேல் கவிழ்த்தாள்.

"நாளன்னிக்குக் காலையில எங்கள லாரியில ஏத்தறாங்க. சேலத்துப் பக்கம் வேலையாம்."

"திரும்பி வருவியோ?"

"அது மேஸ்திரிக்குத்தான் தெரியும். செடிய நாளைக்கே வச்சிடுங்க. போயிட்டு வரேம்மா."

மறுநாள் பதினோரு மணிக்கு முன்பே கமலவல்லி வீட்டு எவர்சில்வர் டம்ளரில் காபி கலந்து படியில் வைத்தாள். பின்வரிசைச் சுவர்களுக்கு அன்று யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காபி ஆடை கட்டி ஆறிப்போயிற்று. அவள் படியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள், யாரும் என்னவென்று கேட்கவில்லை.

அதற்கு மறுநாள் லாரிச் சத்தம் கேட்டதும் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள். மண்வெட்டிகளுக்கும் தகரங்களுக்கும் நடுவே இருபது பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லார் தலையிலும் முக்காடு, எல்லார் முகத்திலும் ஒரே புழுதி. வெள்ளையம்மாளை அவள் படியிலிருந்து குனிந்தே பார்த்துப் பழகியவள். நின்றால் என்ன உயரம் இருப்பாள், கூட்டத்தில் எப்படித் தெரிவாள் என்று இப்போது யோசித்துப் பயனில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடாமலே கையைத் தூக்கினாள்.

லாரியில் நாலைந்து கைகள் எழுந்தன. வண்டி வளைவில் திரும்பிப் புழுதி அடங்கும்வரை, எந்தக் கை என்று தெரியாமல், எல்லாக் கைகளுக்கும் சேர்த்து ஆட்டிக்கொண்டே நின்றாள் கமலவல்லி.