ஒற்றை நட்சத்திரம் கொடுத்த புத்தகம்

டொரீனின் வலது தோள் காலையிலேயே கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. கையைக் காது உயரம் வரை தூக்கலாம். அதற்கு மேலே போனால் மூட்டுக்குள் யாரோ ஆணியைத் திருகுகிற மாதிரி இருக்கும். அவள் வேலையோ முழுக்கக் காதுக்கு மேலேதான். கனடாவில், சாஸ்கட்டூன் நகரத்து ஓரத்தில் புதிது புதிதாக எழும்பும் வீடுகளில், சீலிங் பலகைகளின் மூட்டுகளுக்குப் பட்டி வைத்து மொத்தத்தையும் ஒரே பலகை போல ஆக்கிக் கொடுப்பது. அதைத்தான் முப்பது வருடமாகச் செய்கிறாள்.

முதலாளி மெர்வின், பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனான்.

"இன்னிக்கி இந்தக் கூடத்து சீலிங்க முடிச்சிரு, டொரீன். முடிச்சா எல்லாம் வழக்கம் போல. முடியலன்னா திங்கக்கிழமையிலருந்து ஆபீஸ்ல உக்காந்து போன் எடு. சம்பளத்துல கை வெக்க மாட்டேன்."

"பிச்சை போடுறியா?"

"பரிதாபம்னு வெச்சிக்கோயேன். எவ்வளவு நாள் பழக்கம்!"

அந்தச் சொல் தோளைவிட அதிகமாக வலித்தது.

மெர்வினின் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சீலிங் யார் கையில் இருக்கிறதோ, ஸ்பீக்கரும் அவர்கள் கையில். சுவருக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வெண்டலுக்கு ஹாக்கி வர்ணனை என்றால் உயிர். ஆனால் டொரீன் இருக்கிற வரைக்கும் அது நடக்காது. அவள் நூலகச் செயலியில் ஒலிநூல்களை இரவல் எடுத்துப் போடுவாள். எல்லாம் அறிவியல், மனிதன் எங்கிருந்து வந்தான், எங்கே போகிறான் என்கிற வகை. கதை அவளுக்கு ஆகாது. "பொய்யக் கேக்கணும்னா நீ பேசறதே போதுமே" என்பாள் வெண்டலிடம்.

கேட்டதும் சும்மா இருக்கமாட்டாள். செயலியில் நட்சத்திரம் போட்டு நாலு வரியும் எழுதிவிடுவாள். தூக்கத்தைப் பற்றிய நூலுக்கு இரண்டு: "எட்டு மணி நேரம் தூங்கச் சொல்கிறார். என் முதலாளியிடம் வந்து சொல்லட்டும்." நம் உடம்பெல்லாம் விண்மீன் தூசி என்று உருகிய நூலுக்கு மூன்று: "தினமும் தூசியைத் தின்கிறவள் நான். அதில் ஓர் அழகும் கிடையாது. வாசித்த பெண்ணின் குரலுக்காக மூன்று." எறும்புகளைப் பற்றிய நூலுக்கு மட்டும் ஐந்து. "இவர் தரையில் மண்டியிட்டுப் பார்த்திருக்கிறார். முழங்கால் வலி புத்தகத்தில் தெரிகிறது."

இப்போது சில நாளாக ஓடிக்கொண்டிருந்தது ஆதிமனிதர்களைப் பற்றியது. முதல் அத்தியாயத்திலேயே ஒரு குகை, அதற்குள் ஓர் எலும்புக்கூடு. சின்ன வயதிலேயே வலது கை சிதைந்துபோன ஆள், அதற்கப்புறமும் பல காலம் வாழ்ந்து கிழவனாகிச் செத்திருக்கிறான். வேலைக்கு உதவாத ஒருவனை அந்தக் கூட்டம் ஏன் சோறு போட்டுக் காப்பாற்றியது? 'பரிவு' என்றார் ஆசிரியர். மனிதம் பிறந்ததே அங்கேதானாம்.

டொரீன் அன்றே, அந்த நிமிஷமே ஏணியிலிருந்து இறங்கி ஒற்றை நட்சத்திரம் போட்டாள். "இந்த ஆள் வாழ்க்கையில் ஒரு மூட்டையைத் தூக்கியிருக்கமாட்டார். பசியில் கிடக்கிற கூட்டம் சும்மா இருப்பவனுக்கு ஆயுசு முழுக்கச் சோறு போடாது. அவன் ஏதோ வேலை செய்திருக்கிறான்." ஆனாலும் நிறுத்தவில்லை. திட்டுவதற்காகவே தினமும் கேட்டாள். இன்று மாலையோடு இரவல் முடிகிறது, நூல் தானாகவே திரும்பிப் போய்விடும். பாக்கி ஒரே ஓர் அத்தியாயம்.

பத்து மணிக்குள் தோள் கைவிட்டது. சீலிங்கில் கால்வாசிகூட ஆகவில்லை. டொரீன் ஏணிப்படியில் உட்கார்ந்து வலது கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள்.

"ஏ கிழவி, பேசாம போயி போன எடு. நான் ஹாக்கி போட்டுக்கறேன்" என்றான் வெண்டல்.

"என் பொணத்து மேல போடு."

"பொணத்த குகையிலதான வெக்கணும்? பரிவோட வெக்கிறேன், கவலப்படாத."

"வாய மூடிட்டு சுவத்தத் தேய்டா. கடைசி அத்தியாயம் ஓடுது."

ஆசிரியர் மறுபடியும் அதே குகைக்கு வந்திருந்தார். முதலில் தான் சொன்னது பாதிதான் என்றார். அந்த ஆளின் முன்பற்கள் ஈறு வரை தேய்ந்திருந்தனவாம். விலங்குத் தோலைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் வருடக்கணக்காகச் சுரண்டித் தேய்ந்த பற்கள். இடது தோள் எலும்பு தடித்துப் போயிருந்தது. அவனைச் சும்மா வைத்திருந்தார்கள் என்று நினைத்தது நம்முடைய திமிர், அந்தக் குகைக்கே தோல் வேலை செய்து கொடுத்தவன் அவன் என்று முடித்தார்.

டொரீன் துள்ளி எழுந்தாள். "கேட்டியாடா? வேலைக்காரன்! நான் அன்னிக்கே சொன்னேன்ல!"

"கேட்டேன், கேட்டேன். அதுக்காக நீ பல்லால பட்டி வெக்கப் போறியா?"

அவள் நிமிர்ந்து சீலிங்கின் மூட்டுகளைக் கண்ணால் எண்ணினாள். பிறகு கேட்டாள், "மெர்வினோட அந்தப் பெட்டி கீழ்த்தளத்துல கெடக்கா?"

வெண்டல் உப்புத்தாளைக் கீழே போட்டான். நீளக் கம்பின் நுனியில் மாட்டிய தகரப் பெட்டி அது. உள்ளே பட்டியை நிரப்பி, தரையில் நின்றபடியே மூட்டின் மேல் வைத்துத் தள்ளினால் தானே பரப்பிக்கொண்டு போகும். கைவேலை தெரியாதவனின் ஊன்றுகோல் என்று டொரீன் காறித் துப்பாத நாளில்லை.

"நீயா? அதையா?"

"எடுத்துட்டு வாடா."

கம்பின் அடிமுனையை இடுப்புப் பட்டையில் முட்டுக் கொடுத்தாள். இடது கை மேலே பிடித்துத் திசை காட்டியது. வலது கை வயிற்று உயரத்தில் சும்மா தாங்கிக்கொண்டது. தள்ளியது இடுப்பும் காலும்தான். முதல் மூட்டு கோணிக்கொண்டு போயிற்று. இரண்டாவதில் ஒரு கவளம் பட்டி வெண்டலின் தொப்பியில் விழுந்தது.

"முப்பது வருசம் பழகின கையா இது?"

"இது இடது கை. இதுக்கு இன்னிக்கித்தான் மொத நாளு."

கெட்டுப்போனதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தள்ளினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே தள்ளினாள். வெண்டல் முனகியபடி பெட்டியைக் கழுவிக் கழுவி நிரப்பிக் கொடுத்தான். மூன்று மணிக்கு மேல் எப்போதோ, தள்ளுவதற்கு மூட்டு இல்லாமல் போயிற்று.

சாயங்காலம் மெர்வின் வந்தான். கைவிளக்கை எடுத்து, சீலிங்கை உரசுகிற மாதிரி பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்க நடந்தான். அந்த வெளிச்சத்துக்குத் தலைமுடி அளவு மேடும் தப்பாது. ஜன்னல் மூலையில் நின்றான்.

"இங்க ஒரு கோடு."

"காஞ்சதும் வெண்டல் ஒரு தேய்ப்பு தேய்ச்சா போயிரும்."

"வேற ஒண்ணும் காணோமே" என்று ஏமாந்தவன் போலச் சொன்னான். தரையில் கிடந்த பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரிப்பை மீசைக்குள் ஒளித்தான். "திங்கக்கிழம காலையில பக்கத்து வீட்டுக்கு வந்துரு. ரெண்டு மாடி."

"பரிதாபத்துலயா?"

"பரிதாபமாம்! ரெண்டு மாடிக்கி சீலிங்க வேற யாரு செய்வா, எங்கப்பனா?"

டொரீன் உரக்கச் சிரித்தாள். வெறும் கூடத்தில் அது எதிரொலித்தது.

"அப்ப ஆபீஸ் போன யாரு எடுக்கறது?" என்றான் மெர்வின்.

"வெண்டலுக்குக் குடு. வாய் மட்டும் நல்லா வேல செய்யும்."

"ஹாக்கி கேட்டுக்கிட்டே எடுக்கலாம்னா இப்பவே ரெடி" என்றான் வெண்டல்.

அவள் பட்டி ஒட்டிய விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, அந்த ஒற்றை நட்சத்திரத்தைத் திருத்தப் போனைத் திறந்தாள். நூல் திரும்பிப் போயிருந்தது. கையில் இல்லாத நூலுக்குப் போட்டதை மாற்ற அந்தச் செயலி விடாது. மறுபடி இரவல் கேட்டால் அவளுக்கு முன்னால் ஒரு பெரிய வரிசையே நின்றது. பெயரைக் கொடுத்துவிட்டுப் போனை மூடினாள்.

அந்த ஆசிரியருக்கு அவள் இன்னும் நாலு நட்சத்திரம் பாக்கி.