வானத்தில் போன பேண்டேஜ் துணி

1

மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். ராஜபாளையத்துக்கு வெளியே பேண்டேஜ் துணி வெளுக்கிற கம்பெனிக்குப் பரிபூரணம் கட்டவேண்டியிருந்த கடன் அது. இந்தக் கதை அந்தக் கடனிலிருந்து வந்தது. வானத்திலிருந்து வந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொன்னவர்கள் ஏற்கெனவே சொல்லி, நடுவில் விளம்பரமும் போட்டு, காசும் பார்த்துவிட்டார்கள்.

முதலில் நான் எழுதிய தொடக்கம் வேறு:

"ஆடி மாதத்து அந்தி. ஸ்ரீவில்லிபுத்தூர் வானத்தில் விவரிக்க முடியாத ஒரு வெண்ணொளி..."

இத்தோடு நிறுத்திவிட்டேன். விவரிக்க முடியாது என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் என்ன எழுதுவது? டிவிக்காரர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. விவரிக்க முடியாததை முக்கால் மணி நேரம் விவரித்தார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "பரிபூரணம் ஓர் ஏழை..." இதுவும் வேண்டாம். காயப்போடுகிற களத்தில் வேலை பார்க்கிற எல்லோரும் ஏழைதான். அதைச் சொல்லி ஒருத்தியை எப்படி அடையாளம் காட்டுவது?

(அதே கம்பெனியில் வேலை பார்க்கிற நான் எழுத்துக் கூட்டியது நாற்பது வயதுக்குமேல். பாடுபட்டு எழுதிய வரியைத் தூக்கிப்போட மனம் வராது. அதனால் கைவிட்ட வரிகளும் இங்கேயே கிடக்கும். மிதிக்காமல் தாண்டி வாருங்கள்.)

2

வெளுத்த துணியை வெயிலில் காயவைத்து மடிப்பது பரிபூரணத்தின் வேலை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிற துணி, ஊதினால் பறக்கும். களத்தில் கயிறு கட்டி நீளநீளமாகத் தொங்கவிடுவார்கள். ஆடியில் ஒரு தொல்லை: வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைப்பக்கமிருந்து சாரல் வந்துவிடும். நனைந்தால் செய்த வேலையெல்லாம் வீண். அதற்குக் களத்துப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு பீஸின் முனையை அடுத்த பீஸின் முனையோடு முடிந்துவிடுவது. தூறல் விழுந்ததும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். சாரலை நினைத்துக் கண்டுபிடித்த வழி. காற்றை யாரும் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலு பீஸை முடிந்திருந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஒரு சுழற்காற்று களத்துக்குள் புகுந்து...

(இங்கே "பூதம்போல" என்று இருந்தது. பூதத்தை நான் பார்த்ததில்லை. எடுத்துவிட்டேன்.)

...முதல் பீஸை உருவியது. மற்ற மூன்றும் பழக்கப்படி பின்னாலேயே போயின. பரிபூரணம் கடைசி முனையை எட்டிப் பிடித்தாள். உள்ளங்கை சூடு போட்டதுபோல் எரிந்தது; விட்டுவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது அத்தனை துணியும் வெயிலில் மினுமினுத்து, வளைந்து வளைந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் உக்கிரபாண்டி வெறுங்கயிற்றைப் பார்த்தார்.

"துணி எங்க?"

"காத்துல போச்சு அண்ணாச்சி."

"ஒரு பீஸு போச்சுன்னா நம்புதேன். நாலும் சேந்து ஊர்வலம் போச்சாக்கும்?"

"முடிஞ்சு வச்சிருந்தேன்லா."

"எந்த யாவாரிட்ட போட்ட? அத மட்டும் சொல்லு."

துணியின் விலையை வாரக் கூலியில் பிடிக்க ஆரம்பித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். சாயங்காலம் கேட்டில் எல்லோரும் போக, அவள் பையை மட்டும் திறக்கச் சொன்னார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கூட வேலை பார்க்கிற வெள்ளத்தாய், "நான் நம்புதேன் ஏட்டி" என்றாள். சொல்லிக்கொண்டே தன் தூக்குவாளியை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

3

மறுவாரம் அந்தத் துணி பிரபலமாகிவிட்டது. துணி என்கிற பெயரில் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் மொட்டைமாடியில் நின்ற யாரோ செல்போனில் எடுத்த படம். டிவியில் அதற்குச் சிவப்பு வட்டம் போட்டு, அம்பு போட்டு, பேய்ப்பட இசையும் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். "மலையடிவாரத்தில் பறக்கும் தட்டு? மறைக்கப் பார்க்கிறார்களா?" கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பாண்டிதுரை என்று ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டு மாடியில் பறக்கும் தட்டு ஆராய்ச்சி மன்றம் நடத்துகிறவர். டிவியில் அவர்தான் விளக்கம் சொன்னார்: "நல்லாப் பாருங்க. நீளமான உடம்பு. அதுல மூணு இடத்துல புடைப்பு. மூணும் ஒரே இடைவெளி. இயற்கையில இப்படி வராது. ஒரு அறிவு இதச் செஞ்சிருக்கு."

வெள்ளத்தாயின் செல்லில் இதைப் பார்த்த பரிபூரணம் கத்தினாள். "அந்த அறிவு நாந்தான் ஏட்டி! நாலு பீஸுக்கு மூணு முடிச்சு!"

"அப்ப நீ வேற கிரகமா?" என்றாள் வெள்ளத்தாய்.

பரிபூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை, சந்தோஷம் வந்தது. திருடியதாகச் சொன்ன துணி வானத்தில் இருக்கிறது. நாடே பார்க்கிறது. அது துணி என்று டிவியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் திருடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள்.

4

பாண்டிதுரையை எழுதுவதில் எனக்குச் சிக்கல். முதலில் அவரைக் கோமாளியாக்கி, தலையில் அலுமினியத் தொப்பிகூட வைத்திருந்தேன். வாசிக்கக் கேட்ட பரிபூரணம் சொன்னாள்: "அவிய எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாவ. நம்ம கம்பெனில எவன் போட்டான்?" தொப்பியைக் கழற்றிவிட்டேன். நாற்காலியைப் போட்டேன்.

அதில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "ஐயா, அது நான் காயப்போட்ட துணி."

பாண்டிதுரை கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். "அம்மா, நீங்க துணி காயப்போட்டது உண்மை. அது காணாமப் போனதும் உண்மை. அதே நேரம் வானத்துல ஒரு பொருள். ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு நானும் சொல்லுதேன்."

"தொடர்பு இல்லைய்யா. ரெண்டும் ஒண்ணுதான்."

"அவசரப்படாதீக."

பேட்டி எடுக்க வந்து உட்கார்ந்திருந்த டிவி நிருபர் கல்பனா குறுக்கே வந்தாள். "அக்கா, துணின்னு சொன்னா ஒரு நிமிஷத்துல நியூஸ் முடிஞ்சிரும். ஆபீஸ்ல என்னைய உரிச்சுருவாங்க. ஒரு வெளிச்சம் வந்து துணிய உறிஞ்சிருச்சுன்னு சொல்லுங்களேன். எங்களுக்கும் ஆச்சு, நீங்க எடுக்கலன்னும் ஆச்சு."

பரிபூரணத்துக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"வராத வெளிச்சத்த எப்படித் தாயி வந்துச்சும்பேன்? பொறவு பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட என்னன்னு சொல்ல?"

"செரி, பாத்தத மட்டும் சொல்லுங்க."

சொன்னாள். சாரல், முடிச்சு, காற்று, கை எரிந்தது, எல்லாம் வரிசையாக.

5

டிவியில் வந்தது இவ்வளவு: "வெள்ளையா, மினுமினுன்னு, வளைஞ்சு வளைஞ்சு மேல போச்சு. எங் கையெல்லாம் எரிஞ்சுபோச்சு." உள்ளங்கைத் தழும்பைப் பக்கத்தில் காட்டினார்கள். கீழே எழுத்து: "கதிர்வீச்சா?"

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லாம் அவள் சொன்னதுதான். துணியும் காற்றும் மட்டும் இல்லை. என்னைப்போல் வெட்டியதை அங்கேயே போட்டுவைக்கிற வழக்கம் டிவிக்காரர்களுக்குக் கிடையாது.

அதன்பிறகு கேமராவும் கையுமாக ஆட்கள் கம்பெனிக்கு வந்தார்கள். களத்தின் நடுவில் ஒருவர் திசைகாட்டியை வைத்து அது ஆடுகிறது என்றார். கம்பெனிப் பலகை எல்லா சேனலிலும் தெரிந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். உக்கிரபாண்டி பரிபூரணத்தைக் கூப்பிட்டார்.

"மொதலாளி மீதிக் கடனத் தள்ளிட்டாரு. இனி பிடித்தம் கிடையாது."

"காத்துன்னு இப்ப நம்புதீயளா அண்ணாச்சி?"

"காத்தா? காத்துன்னா நீ கவனமா இருந்திருக்கணும், பணத்தக் கட்டணும். மேல இருந்து வந்து எடுத்துட்டுப் போனா நீ என்ன செய்வ, பாவம். வாரவங்கட்ட காத்துன்னு மட்டும் சொல்லிராத."

6

இனி முடிவு. இரண்டு வைத்திருந்தேன்.

முதல் முடிவு: பரிபூரணம் சரி என்று தலையாட்டுகிறாள். கடன் போயிற்று, திருட்டுப் பட்டமும் போயிற்று. புத்திசாலிகளுக்குப் பிடிக்கும்.

இரண்டாவது முடிவு: மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் ஒரு மரத்து உச்சியில் துணி கிடைக்கிறது, மூன்று முடிச்சோடு. பாண்டிதுரை மன்னிப்புக் கேட்கிறார், கல்பனா அழுகிறாள். இதை இரண்டு பக்கம் எழுதினேன், நானே கண்கலங்கினேன். ஆனால் துணி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆடு தின்றிருக்கலாம்.

நடந்தது இது. அடுத்த சனிக்கிழமை பரிபூரணம் சீட்டுப் பணம் எடுத்துவந்து உக்கிரபாண்டியின் மேசையில் வைத்தாள்.

"என்ன இது?"

"மீதிக் கடன்."

"அதான் தள்ளியாச்சுன்னு சொன்னேன்லா? கூறு இருக்கா உனக்கு?"

"எண்ணுங்க அண்ணாச்சி."

எண்ணினார். சரியாக இருந்தது.

"அந்தப் பணத்துக்கு ஒரு சேலை எடுத்திருக்கலாம். இப்படிக் கொண்டாந்து கொட்டுதியே, எதுக்கு?"

"பணம் கட்டிட்டேன். இனி அந்தத் துணி என்னுது. எந் துணிய எது தூக்கிட்டுப் போச்சுன்னு நாந்தான் சொல்லணும்."

உக்கிரபாண்டி பேனாவை மூடி வைத்தார்.

"செரி, சொல்லு. எது தூக்கிட்டுப் போச்சு?"

சொன்னாள். அவர் முதல் நாளே கேட்ட அதே சொல்தான்.

இந்தத் தடவை அவர் நம்பினாரா? நம்பினார் என்று எழுதினேன், அடித்தேன். நம்பவில்லை என்று எழுதினேன், அதையும் அடித்தேன். மெல்லிய துணிதான் என்றாலும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பறக்குமா என்று இவ்வளவு நேரமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, உங்களிடமே விட்டுவிடுகிறேன். நீங்கள் நம்பியிருந்தால் அவரும் நம்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவரும் இல்லை.

கடன் மட்டும் தீர்ந்துவிட்டது. அதற்குக் கேள்விக்குறி கிடையாது.