தண்ணீர் விடாத தயிர்

ஆண்ட்ரூ சார் கொடுத்த வீட்டுப்பாடம் எளிதானது. வீட்டில் தினமும் சாப்பிடும் ஏதாவது ஒரு பொட்டலத்தைக் கொண்டுவர வேண்டும். அதன்மேல் அச்சிட்டிருக்கும் பொருள்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எதிலிருந்து வருகிறது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். ஷாந்தினி தயிர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். அதில்தான் பட்டியல் மிகச் சிறியது, தப்பு வர இடம் குறைவு.

பகலில் அவளுக்கு ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. வாரத்தில் இரண்டு மாலை அங்கேயே பக்கத்தில் உணவுப் பதனீட்டு வகுப்பு. எதையும் மூன்று முறை சரிபார்த்தாலும் அவளுக்குச் சந்தேகம் தீராது. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து வாங்கிப் பார்க்கிற ரகம்.

"பால், சீனி, மாவுச்சத்து, ஜெலட்டின், தயிர்க் கிருமி," என்று வாசித்தாள். "ஜெலட்டின் கடல்பாசியிலருந்து வருது சார்."

"அது அகார்-அகார்மா. டப்பாவ மறுபடி பாரு. ஜெலட்டினுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

'லெம்பு' என்று மலாயில் போட்டிருந்தது. மாடு. அதை அவள் முன்பே படித்திருந்தாள். தயிர் மாட்டுப்பாலில்தானே வருகிறது என்று கடந்து போயிருந்தாள்.

"பாலத்தானே சார் சொல்றாங்க?"

"பால தனியா மேல போட்டிருக்கான். இது மாட்டுத் தோலு, எலும்பு. வேகவச்சு எடுக்கற பசை. தயிரு தண்ணி விடாம கெட்டியா நிக்கறதுக்குப் போடறது."

"ஆனா ஹலால் முத்திரை இருக்கே சார்!"

பின்வரிசையில் கவிநேசன் சிரித்தான். "மாடு ஹலால்தான்லா. அந்த முத்திரைய உனக்காகவா குத்துனாங்க?"

வகுப்பே சிரித்தது. ஷாந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டில் தலைமுறைகளாக மாட்டிறைச்சி நுழைந்ததில்லை. ஆனாலும் கடையில் எதை எடுத்தாலும் அந்த முத்திரையைத்தான் தேடுவார்கள். இருந்தால் சுத்தமான பொருள், கூடையில் போடலாம். அதற்குமேல் யாரும் படித்ததில்லை.

சார் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். முடியோடு கிடந்த தோல்கள் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவன் நீளக் கொம்பால் அவற்றைப் புரட்டினான். உள்பக்கக் கொழுப்பு மஞ்சள் மஞ்சளாகத் தொங்கியது. பிறகு கொதிகலன், கலங்கிய குழம்பு, கடைசியில் பளபளவென்று வாசனையில்லாத தூள். அந்தக் கடைசிப் படத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. அது அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அன்று அவள் அம்மா தேவமலரின் விரதத்துக்குப் பதினெட்டாம் நாள்.

அப்பா பரமேஸ்வரனுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்த ஆண்டு, அம்மா வேண்டிக்கொண்டார். மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு இருபத்தொரு நாள் சுத்த சைவம், பங்குனி உத்திரத்தன்று பால்குடம். இது மூன்றாவது ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை நியாலாஸ் எஸ்டேட் கோயிலில் குடம் எடுத்துவிட்டால் வேண்டுதல் முடிந்தது. நடுவில் முறிந்தால் அப்பாவுக்கு ஆகாது என்று அம்மா நம்பினார். வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் அப்பா இருமினால் அம்மாவின் கை தானாக மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் காப்பைத் தொடும்.

வகுப்பு முடிந்து காருக்குள் உட்கார்ந்து, ஷாந்தினி நோட்டைத் திறந்து எழுதினாள். மதியம் ஒரு கிண்ணம் வீதம் பதினெட்டு கிண்ணம். இரண்டு வெள்ளிக்கிழமை, வீட்டு வேலுக்குத் தயிர் அபிஷேகம். கோயில் அபிஷேகத்துக்கு அம்மாவின் பங்காகப் பன்னிரண்டு பெரிய டப்பாக்கள், எல்லாம் வீட்டு ஃப்ரிஜ்ஜில். எழுதி முடித்ததும் நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. ஜன்னலை இறக்கித் துப்பினாள்.

டப்பாவைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். அம்மா கரண்டியை விட்டு எடுத்தால் அந்தத் தயிர் வெட்டிய இடத்தில் அப்படியே நிற்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விடாது. "நல்ல கெட்டித் தயிருமா, பாத்தியா?" என்று பெருமையடித்ததும் அவள்தான்.

சொல்வதா வேண்டாமா என்று வீடுவரை யோசித்தாள். இன்னும் மூன்றே நாள். டப்பாவை மட்டும் மாற்றிவிட்டால் அம்மாவுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். ஒருவேளை சார் சொன்னது எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தாதோ? வீட்டில் பன்னிரண்டு டப்பாவையும் திருப்பிப் பார்த்தாள். பன்னிரண்டிலும் லெம்பு. இரவெல்லாம் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது, சாமி அலமாரியின் முன்னால் அம்மா டப்பாவைப் பிரித்திருந்தார். ஷாந்தினி வாசற்படியில் நின்றாள். அம்மா கவிழ்த்தார். தயிர் வழியவில்லை. கட்டியாக வேலின் முனையில் உட்கார்ந்து, ஒருமுறை நடுங்கி, வெள்ளைச் சதைத்துண்டு போல மெதுவாகச் சறுக்கி இறங்கியது. விபூதிப் பட்டையின்மேல் அதன் தடம் பசையாக மின்னியது.

"கைய நீட்டு," என்று அம்மா ஒரு கரண்டி தயிரை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

வாயில் போட்டாள். குளிர்ச்சியாக, வழவழவென்று, மெல்லவும் கரையவும் மறுத்து அண்ணத்தில் ஒட்டியது. கண்ணுக்குள் அந்தத் தொட்டி வந்தது, கொம்பில் சுற்றிக்கொண்ட முடி வந்தது. ஓடிப்போய் சிங்க்கில் துப்பினாள்.

"பிரசாதத்தயா துப்புற?" அம்மா பின்னாலேயே வந்தார். "என்னடி ஆச்சு உனக்கு?"

"அதுல மாட்டுத்தோல் இருக்குமா."

டப்பாவைக் காட்டினாள், எழுத்தைக் காட்டினாள், எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அந்த ஒரு சொல்லையே வெகுநேரம் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தார். விரலில் உப்பைத் தொட்டு நாக்கைத் தேய்த்தார், மறுபடி கொப்பளித்தார்.

"எப்போ தெரிஞ்சுச்சு?"

"நேத்து கிளாஸ்லமா."

"நேத்தே தெரியும். நான் வேலு மேல ஊத்தற வரைக்கும் நின்னு பாத்துக்கிட்டு இருந்தியா?"

தோலைவிட, சுண்ணாம்பைவிட அந்தக் கேள்விதான் ஷாந்தினியை அருவருக்க வைத்தது. தன்னையே.

கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "எனக்கு ஆஸ்பத்திரில குடுத்த கெப்சூல் மாத்திரை கூட்டுல என்ன இருந்துச்சுன்னு யாரு பாத்தா? உயிரோடதான இருக்கேன்!"

"உங்கள யாரு கேட்டா? பேசாம இருங்க," என்றார் அம்மா. ஆனால் இந்த முறை அவர் கை காப்பைத் தொடப் போகவில்லை. அதை அவிழ்த்துக்கொண்டிருந்தது. "அடுத்த வருசம் முதல்லருந்து. மூணு வருசம்."

"அப்ப எனக்கு இன்னும் மூணு வருசம் கேரண்டி," என்றார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஷாந்தினி கோயில் தலைவர் காளிமுத்துவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"பொண்ணு, கோயில் ஃப்ரிஜ்லயும் அதே டப்பாதான் அடுக்கி வச்சிருக்கோம்," என்றார். "போன வருசமும் அதான்."

"மாத்திருங்க மாமா. கடையில வேற இருக்கு. நான் படிச்சுப் பாத்து வாங்கித் தர்றேன்."

"நான் பாத்துக்கறேன்லா. நீ வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத. சனங்க கோயில்லயே வாந்தி எடுக்கும்."

சனிக்கிழமை அம்மாவும் மகளும் மிச்சமிருந்த டப்பாக்களை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினார்கள். குழிக்குள்ளும் அது உடனே மண்ணில் இறங்காமல் கட்டியாக நின்றது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மண்ணைத் தள்ளினார். உள்ளே வந்து, சாமி அலமாரி வேலைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அம்மா குடம் இல்லாமல் கூட்டத்தோடு நின்றார். யாரும் எதுவும் கேட்குமுன் "உடம்பு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டார். மேளம் முழங்க, பால் முடிந்து தயிர் அபிஷேகம் தொடங்கியது. பூசாரி வாளியைச் சாய்த்தார். மூலவரின் தோளில் ஒரு கட்டி விழுந்து, நடுங்கி, அங்கேயே உட்கார்ந்தது. அதைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அம்மா ஷாந்தினியின் பக்கம் திரும்பினார்.

வேறு கம்பெனியாக இருக்கலாம். அந்த டப்பாவை அவள் பார்க்கவில்லை, எழுத்தைப் படிக்கவில்லை. கோயிலின் பின்பக்கக் குப்பைத் தொட்டிவரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அதற்குள் பூசாரி வழித்த தயிரைத் தட்டில் ஏந்தி வரிசைக்கு வந்துவிட்டார். முதல் ஆளாகப் பெத்தம்மாள் அக்கா, இருபத்தொரு நாள் விரதத்தில் காய்ந்த உதட்டோடு, குடத்தை இறக்கிவைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். வாளிக்குப் பின்னால் நின்ற காளிமுத்து ஷாந்தினியைப் பார்த்தார், லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

"அக்கா, வாயில போடாதீங்க!"

மேளத்துக்கு மேலே கேட்கும்படி தன்னால் கத்த முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மேளம் நின்றது. பெத்தம்மாள் அக்காவின் உள்ளங்கையில் தயிர் அசைந்தது.

"ஏம்மா? இதுல என்ன இருக்கு?"

ஷாந்தினி சொன்னாள்.