நாற்பத்தெட்டு அங்குலம்

பிள்ளைப்பாக்கத்துக்கு மேற்கே மூடிக் கிடந்த லாரி டிப்போவுக்கு யாக்கோபு ஒருவர்தான் காவல். 1988 தொடக்கத்தில் பங்காளிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டதும் லாரிகளோடு ஓட்டுநர்களும் போய்விட்டார்கள். பூமிக்கடியில் புதைத்திருந்த டீசல் தொட்டி மட்டும், தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக்கூடாது என்ற உத்தரவோடு அவர் பொறுப்பில் மிஞ்சியது. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்த கையோடு மூடியைத் திறப்பார். பித்தளைக் கம்பியை இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். நாற்பத்தெட்டு அங்குலம். மூன்றரை வருடமாக ஒரே எண்.

மனைவி இறந்து, மகனும் பம்பாய்க்குப் போய் முகவரி மாற்றிக்கொண்ட பிறகு அவரோடு பேச மிஞ்சியிருந்தவள் செல்லம்மாள். முள்கம்பி வேலிக்கு அப்பால் கீரை போடுகிறவள். தினமும் காலையில் தன் கிணற்றிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீரை வேலிக்கு மேலாக நீட்டுவாள். ஞாயிறானால் தொட்டியை அவர் பிள்ளையாக்கி ஒரு கேலியும் கூடவே வரும்.

“இன்னாண்ணா, உம் புள்ள எவ்ளோ குடிச்சிக்கினு கீது?”

“ஒரு சொட்டு ஏறல, ஒரு சொட்டு எறங்கல தங்கச்சி” என்பார். பல நாட்களில் அவர் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

இந்த வருடம் ஆவணியில் கிணற்றுத் தண்ணீர் நாறத் தொடங்கியது. செல்லம்மாள் முதலில் குடத்தைச் சந்தேகித்தாள். பிறகு கயிற்றை மாற்றினாள். வாளியில் வானவில் போல எண்ணெய்ப் படலம் மிதந்த அன்று நேராக வேலிக்கு வந்து, உங்கள் தொட்டிதானா என்று கேட்டாள். யாக்கோபு நோட்டைத் திறந்து காட்டி, மாதாவின் மேல் ஆணையிட்டார். அவள் மறுத்துப் பேசவில்லை. ஆனால் கொடுக்கத் தண்ணீர் இல்லாததால் குடம் நின்றது. குடம் நின்றதால் வேலிக்கு வரும் வேலையும் நின்றது. பள்ளிக்கூடத்துக் கைப்பம்பிலிருந்து அவள் சுமந்து போவதை அவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுதிப்போட்ட மனுவுக்கு ஐப்பசி மழையோடு ஆள் வந்தது. சத்யப்பிரியா, மெட்ராஸ் நிலத்தடி நீர் ஆய்வு அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். வேலியிலிருந்து கிணறுவரை நான்கு இடங்களில் மண்துளைக் கருவியைத் திருகி இறக்கினாள். ஒவ்வொரு பிடி மண்ணையும் முகர்ந்து பார்த்து பாட்டிலில் அடைத்தாள். தொட்டிக்குக் கிட்டே வரவர மண் கறுத்தது, நாற்றம் ஏறியது. யாக்கோபு அவளுக்குக் குடை பிடித்தபடி, கசிவு நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கிலிருந்துதான் வரும் என்றே பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவள் அளவுக்கம்பியைக் கேட்டாள். தண்ணீர் பட்டால் சிவக்கும் பசையை அதில் அடிமுதல் தடவி, தொட்டிக்குள் இறக்கி, எடுத்தாள். கம்பி ஐம்பது அங்குலம்வரை நனைந்திருந்தது. அதில் அடியிலிருந்து நாற்பத்தாறு அங்குலம் சிவப்பு. அதற்கு மேலே நான்கே அங்குலம்தான் டீசல். மேலே மிதந்த அந்தப் படலம்தான் ஒவ்வொரு ஞாயிறும் கம்பிக்கு எண்ணெய் பூசி அனுப்பியிருக்கிறது.

தொட்டியின் பக்கவாட்டில், நாற்பத்தெட்டு அங்குல உயரத்தில் துளை விழுந்திருக்க வேண்டும் என்று விளக்கினாள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து அதன் வழியே உள்ளே போய் அடியில் தங்கும்; தங்கத் தங்க, டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மழை ஓய்ந்து நீர் இறங்கும்போது துளைக்கு மேலே நிற்கும் டீசலும் அதே வழியே மண்ணுக்குள் கசியும். பிறகு நோட்டைப் புரட்டினாள்.

“போன ஞாயிறு நாற்பத்தெட்டு. இன்னிக்கு ஐம்பது. ஐயா, இந்த நோட்டை வச்சு, இந்த வாரத்து மழையிலதான் தொட்டி உடைஞ்சுது, ஆவணியிலயே கிணத்துல வந்தது எங்க எண்ணெயே இல்லன்னு உங்க கம்பெனி சொல்லும். பழைய கசிவுன்னு நிரூபிச்சாதான் மண்ணைச் சுத்தம் பண்ணி, அந்தம்மாவுக்கு வேற கிணறு போட்டுத்தரச் சொல்ல முடியும். முன்னாடி எப்பவாவது அளவு மாறியிருக்கா?”

யாக்கோபு குடையை மறு கைக்கு மாற்றினார். அளவு குறைந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பார். முதல் வருடக் கார்த்திகையில் கம்பி ஐம்பது காட்டியது. மூன்று தடவை துடைத்துத் துடைத்து இறக்கினார். பூட்டிய தொட்டியில் டீசல் எப்படிக் கூடும்? காவல்காரன் திருடி விற்றுவிட்டுத் தண்ணீர் ஊற்றினான் என்பார்களே. பயந்துபோய் நாற்பத்தெட்டு என்று எழுதினார். தை கடந்ததும் அளவு தானாகவே இறங்கியபோது, ஆண்டவர் தன் மானத்தைக் காத்தார் என்று மெழுகுவத்தி ஏற்றினார். மறு வருடமும் ஏறியது. அதற்கு அடுத்த வருடமும்.

“மூணு மழைக்கும் ஏறுச்சிம்மா” என்றார். “நான்தான் எழுதல.”

சொன்ன பிறகே வேலியோரம் செல்லம்மாள் நிற்பதைக் கண்டார். கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு மழையில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“அப்ப மூணு வருசமா உம் புள்ள என் தண்ணியக் குடிச்சிக்கினு இருந்திருக்குது” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. திரும்பி நடந்தாள்.

யாக்கோபு வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். பத்து நாளில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: வேலை போயிற்று, சாவியை வாங்க ஆள் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆள் வரவில்லை. அவர் பூசையிலிருந்து வந்து, மூடியைத் திறந்து, கம்பியை இறக்கினார். ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்று என்றே எழுதினார்.

வேலிக்கு அப்பால் கிணற்றின் மேல் பலகை போட்டிருந்தது. மழையை நம்பி விதைத்த பாத்தியில் செல்லம்மாள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். யாக்கோபு அந்தப் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே, எண்ணை உரக்கச் சொன்னார்.

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த களையைப் பிடுங்கியது.