பயறுத் தூளும் கிள்ளான் சம்பந்தமும்

சோலையப்பனுக்குப் பெருங்குடலில் அழற்சி, டாக்டர்கள் சொல்லும் கொலைட்டிஸ். பொல்லாத நோய், எப்போது ஓடவிடும் என்று முன்கூட்டிச் சொல்லாது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை எந்தப் பெட்ரோல் ஸ்டேஷனில் கழிவறை சுத்தம் என்பது அவருக்கு மனப்பாடம்.

அன்று மகள் சுபாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டில் விருந்து. விஷயம் தெரிந்தால் குடும்ப நோய் என்று சம்பந்தத்தை முறித்துவிடுவார்களோ என்று பயந்தார். சொல்லிவிடலாம் என்றாள் கூட வந்த சுபா.

"நீ சும்மா இரு லா," என்று அடக்கிவிட்டார்.

மாப்பிள்ளையின் தாயார் மெய்யம்மை ஆச்சி இலை நிறையக் காரமாகப் பரிமாறினார். அவர் கணவர் ராமு மட்டும் ஃபோன் பேசப் போனவர், நெடுநேரமாக ஆளைக் காணோம்.

சோலையப்பன் கை கழுவும் சாக்கில் எழுந்து, சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கினார். பச்சைப்பயற்றுப் புரதத்தைப் பொடிப்பொடியாகத் துண்டாக்கிய பெப்டைட் தூள். சுபாவின் ஆய்வுக்கூடத்தில் செய்தது. குடல் வீக்கத்தைத் தணிக்குமா என்று ஆஸ்பத்திரியில் சோதிக்கிறார்கள், அவரும் சேர்ந்திருந்தார். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு.

"என்னண்ணே அது?" பின்னால் ஆச்சி.

"மைலோ, ஆச்சி."

"சாக்லேட் கலர் மைலோ எப்ப வெள்ளையாச்சு?"

பதில் சொல்ல வயிறு விடவில்லை. ஓடினார். கழிவறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

"தம்பியா?" மகன் என்று நினைத்த ராமுவின் குரல் ஈனமாக வந்தது. "கொலைட்டிஸ் மறுபடி கெளம்பிருச்சுடா. பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேணாம்."

"நான்தாண்ணே பொண்ணு வீடு. எனக்கும் அதேதான். சீக்கிரம் வாங்க லா."

உள்ளே அவசரமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. சோலையப்பன் மரியாதை பார்க்காமல் உள்ளே பாய்ந்தார்.

அவர் திரும்பி வந்தபோது, காலிப் பொட்டலம் ஆச்சியின் கையில் இருந்தது; அது என்ன தூள் என்று சுபா சொல்லி முடித்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று பார்த்து அசடு வழிந்தது.

"அந்தத் தூளு எனக்கும் கெடைக்குமாம்மா?" என்றார் ராமு.

"இன்னும் சோதனையிலதான் இருக்கு, மாமா. உங்க டாக்டரைக் கேளுங்க, மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க," என்ற சுபா அப்பாவைக் காட்டினாள். "பாதிப் பேருக்கு வெறும் கசப்பு மாவுதான் குடுக்குறாங்க. அப்பச்சிக்குக் கெடைச்சது எதுன்னு அவங்க டாக்டருக்கே தெரியாது."

இத்தனை நாள் முகம் சுளித்து விழுங்கியது வெறும் மாவாகவும் இருக்கலாம் என்பது சோலையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் கோபம் வரவில்லை. ஆச்சி காரக் குழம்பை ஒதுக்கிவிட்டு இருவருக்கும் மோர்ச்சோறு பிசைந்து வைத்தார். ஒளிக்காமல் சாப்பிட்ட அந்தச் சோற்றில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து மண்டபப் பேச்சு வந்தது. வாடகையையோ அலங்காரத்தையோ யாரும் கேட்கவில்லை. சம்பந்திகள் இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"சாப்பாட்டு ஹாலுக்குப் பக்கத்துல எத்தனை டாய்லெட்?"